பதினேழாம் எண் கம்பம்

பிரதமரின் கால் மாறியிருந்தது.

சண்பகவல்லி கோப்பைப் படிக்கிற பாவனையில் இன்னொரு முறை கீழே பார்த்தாள். மேசைக்கு அடியில், சிவப்புக் கம்பளத்தின் மேல், இரண்டு வெறும் பாதங்கள். மழமழவென்று, குதிகால் ரோஜா நிறத்தில், நகங்களை யாரோ பார்த்துப் பார்த்து வெட்டிவிட்ட மாதிரி.

நாலரை வருடத்துக்கு மேலாக, புதன்கிழமை தவறாமல் நாலு மணிக்கு அந்த நாற்காலிக்கு வந்த கால் வேறு. அது உப்பளத்தில் இருபது வருடம் நின்ற கால். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். கட்டைவிரலில் நகம் என்று பெயருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரதமர் இசக்கிமுத்து தொழிற்சங்கத் தலைவராவதற்கு முன் உப்பு வாரியவர். பதவி உயர்ந்ததே தவிர, கால் அப்படியேதான் இருந்தது.

"மேதகு அம்மா, கையெழுத்து?" என்றார் எதிரே இருந்தவர். அவர் சட்டையில் பித்தளை வில்லை பளபளத்தது: பிரதமர்.

அவள் முகத்தைப் பார்த்தாள். கண் இருந்தது, மூக்கு இருந்தது, நரைத்த மீசை இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆள் வரவில்லை. குரலும் உதவவில்லை. அவள் காதில் விழுகிற எல்லாக் குரலும் ஒரே குரல்தான், படகுத்துறை ஒலிபெருக்கியில் நேரம் சொல்கிற குரல்.

இது நோயில்லை. பன்னிருதீவுக் குடியரசின் சட்டம்.

குடியரசுக்கு வயது பதினாறு. முதல் குடியரசுத் தலைவர் மூன்று மைத்துனர்களை நீதிபதிகளாக்கினார். நாலாவது மைத்துனரைக் கடற்படைத் தளபதியாக்கினார். அந்த ஆளுக்கு நீந்தத் தெரியாது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. அன்றிலிருந்து, பதவியேற்கிற அன்றே குடியரசுத் தலைவரின் இடது காதுக்குப் பின்னால் உளுந்தளவு ஒரு சில்லைப் பதிப்பார்கள். அதற்குப் பெயர் திரை. ஐந்து வருடம் எந்த முகமும், எந்தக் குரலும் மனதில் ஒட்டாது. தாலி கட்டினவர் எதிரே வந்து நின்றாலும் தெரியாது. 'யாரையும் தெரியாதவருக்கு எல்லாரும் ஒன்று' என்று ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

கண்ணாடியில் தெரிகிற அம்மாளையும் சண்பகவல்லிக்குத் தெரியாது. காலையில் பல் தேய்க்கும்போது அந்த அம்மாளைப் பார்த்து மரியாதைக்கு ஒரு தலையாட்டல். மாளிகையில் அவளை ஏதும் கேட்காமல் பார்ப்பது அந்த அம்மாள் ஒருத்திதான்.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மாளிகையின் நடுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், கையால் எழுதிய அரசியல் சட்டப் புத்தகம் இருக்கிறது. புது நாட்டுக்கு அதுதான் சாமி. புத்தகம் இருக்கிற கூரைக்குக் கீழே யாரும் செருப்புப் போடக்கூடாது. தூதுவர்கள்கூட ஓட்டை விழுந்த காலுறையோடு நின்றிருக்கிறார்கள்.

முகத்தை எடுத்துக்கொண்டவர்கள் காலை விட்டுவைத்தார்கள். ஒன்பது மாதத்தில் அவள் கால் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அவள் முன்னால் இருந்தது ஓர் அவசரச் சட்டம். மழைக்கால விடுமுறையில் நாடாளுமன்றம் மூடிக்கிடந்தது. புயல் சேதத்தைக் காரணம் காட்டித் தேர்தலை இரண்டு வருடம் தள்ளிவைக்க வேண்டும். அதுவரை இதே அமைச்சரவை, இதே குடியரசுத் தலைவர். இன்னும் ஐம்பது நாளில் அவள் வீட்டுக்குப் போகிறவள். அந்த ஐம்பது நாளோடு எழுநூற்று முப்பது நாளை ஒட்டவைக்கிற காகிதம் அது.

"இதைத் திருப்பி அனுப்பறேன். மறுபரிசீலனை பண்ணுங்க" என்றாள்.

இசக்கிமுத்தாக இருந்தால், 'என்னம்மா, வீட்டுப்பாடம் திருத்தற டீச்சர் மாதிரி வட்டம் போட்டுத் திருப்பறீங்க' என்று சிரித்திருப்பார். பிறகு அரைமணி நேரம் சண்டை போட்டிருப்பார். இவர் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளேயிருந்த துண்டுக் காகிதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"ஒருமுறைதான் திருப்ப முடியும், மேதகு அம்மா" என்றார், ஒப்பிக்கிற மாதிரி.

"தெரியும். அடுத்த புதன் கொண்டாங்க. அப்ப நான் போட்டுத்தான் ஆகணும்."

ரோஜா நிறக் குதிகால்கள் அவசரமாக வெளியேறின. கதவுக்கு வெளியே செயலாளரின் வில்லை மின்னியது. பிரதமரைக் காரிலிருந்து இறக்கிக் கூட்டிவருவதும், திரும்ப ஏற்றிவிடுவதும் செயலாளர் ஒருவர்தான். பின்வாசல் வழி, கறுப்புக் கண்ணாடிக் கார். அறைக்குள் இருவருக்கு மட்டுமே அனுமதி. அன்று ஊழியர்கள் யாரையும் பின்வாசல் பக்கம் காணவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

பிரதமர் வாரம் ஒருமுறை குடியரசுத் தலைவரை நேரில் பார்த்தாக வேண்டும். பார்க்கவில்லையென்றால் அமைச்சரவை கலைந்துவிடும். டெலிவிஷனில் பழைய படத்தைப் போட்டு ஊரை ஏமாற்றலாம். அறைக்குள் மட்டும் ஆளே வரவேண்டும். அந்த அறையில் இருப்பவளுக்கு யாரையும் தெரியாது. எவ்வளவு வசதி!

மறுநாள் மாதாந்திரப் பரிசோதனை. மருத்துவர் என்ற வில்லையோடு வந்த பெண், ஒவ்வொன்றாக நாற்பது புகைப்படங்களைக் காட்டினாள். சண்பகவல்லி எல்லாவற்றுக்கும் 'தெரியலை' என்றாள்.

"அருமை. சில்லு கனகச்சிதமா வேலை பார்க்குது."

"இதுல என் வீட்டுக்காரர் படம் உண்டா, டாக்டர்?"

"அம்மா, அதைச் சொன்னா என் வேலை போயிடும்."

"விடுங்க. சட்டத்துல ஒரு சந்தேகம். எனக்கப்புறம் வர்றவங்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கிறேன், அதுக்காகத்தான். முகம் தெரியாம, நடையை வச்சோ வாசனையை வச்சோ ஓர் ஆளைக் கண்டுபிடிச்சுட்டா?"

மருத்துவர் புகைப்படங்களை அடுக்குவதை நிறுத்தினாள். "அதுவும் அடையாளம் கண்டதுதான். 'இவர் இன்னார்'னு சொன்னாலும் சரி, 'இவர் இன்னார் இல்லை'ன்னு சொன்னாலும் சரி, திரை கிழிஞ்சதா அர்த்தம். அந்த நிமிஷமே பதவி காலி. சபாநாயகர் வந்து உட்காருவார்."

"அவர் காதுல சில்லு வைப்பாங்களா?"

"தற்காலிகம்தானே, வைக்க மாட்டாங்க. அவரு உள்துறை அமைச்சரோட..." மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியக் கூடாதும்மா. மறந்துடுங்க."

"மைத்துனரா?"

மருத்துவர் படாரென்று பெட்டியை மூடினாள். அந்த மூடலே பதிலாக இருந்தது.

ஆக, வாயைத் திறந்தால் அவள் பதவி போய், சபாநாயகர் கையெழுத்துப் போடுவார். திறக்காவிட்டால் புதன்கிழமை அவளே போடுவாள். செயலாளரிடம் சொல்ல முடியாது. போலீசைக் கூப்பிடலாம், வருகிறவன் போலீசா என்று எப்படித் தெரியும்? ஒரு வில்லை செய்ய எவ்வளவு பித்தளை வேண்டும்!

இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டாள். இருபத்து நாலு பேர் உட்காரக்கூடிய மேசை. பரிமாறியவரின் இடதுகால் சுண்டுவிரலில் புதுக் கட்டு. 'என்ன ஆச்சு' என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். நேற்று இல்லாத கட்டு இன்று இருக்கிறது என்று தெரிந்தால், நேற்று வந்தவரும் இவர்தான் என்று தெரிந்ததாக ஆகிவிடுமே.

வெள்ளிக்கிழமை மனு நாள். நடுக்கூடத்தில், புத்தகப் பெட்டிக்கு முன்னால், பெஞ்சுகளில் நாற்பது பொதுஜனங்கள். அதிகாரிகள் யாரும் உள்ளே வரக்கூடாது. மேலே ஓர் ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓடும். பெயர் சொல்லக்கூடாது, டோக்கன் எண்தான். ஆளுக்கு இரண்டு நிமிடம். அவள் மனுவை வாங்கி, தகுந்த துறைக்கு அனுப்புவாள். துறை அதைச் செய்தே தீரவேண்டும். குடியரசுத் தலைவருக்கு இருக்கிற அதிகாரங்களில் கொஞ்சமாவது உயிருள்ளது அது ஒன்றுதான்.

"இருபத்தாறு."

கால்கள் வந்து நின்றன. அகலமான பாதம், விசிறி மாதிரி விரிந்த விரல்கள், இடது கணுக்காலில் பழைய தீத்தழும்பு. நீட்டிய மனு நீளவாக்கில் நாலாக மடிக்கப்பட்டு, படகு டிக்கெட் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம் எதையும் அப்படித்தான் மடிப்பார். படகுப் போக்குவரத்துக் கழகத்தில் நேரக் கண்காணிப்பாளர். மளிகைச் சீட்டையும் டிக்கெட் மாதிரி மடித்துத்தான் பையில் வைப்பார். அவள் பதவியேற்ற அன்று படகுத்துறையில் நின்று, "அஞ்சு வருஷம்தானே, போன படகு வராமலா போயிடும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர். அதன்பிறகு கடிதம் கிடையாது, செய்தி கிடையாது. சட்டம் அப்படி.

ஐந்தாவது மாதத்தில் இந்த மனு வந்தது. 'நெய்தல் தெரு மூன்றாம் குறுக்கில் பதினேழாம் எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

பதினேழாம் எண் கம்பம் அவள் வீட்டு வாசலில் நிற்கிற கம்பம்.

அன்று அவள் அழவில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மனுவை மட்டும் துறைக்கு அனுப்பாமல் மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்துவிட்டால் அவர் எதைச் சொல்லிக்கொண்டு வருவார்? அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். நாலு வருடத்துக்கும் மேலாக, அதே வாசகம், அதே மடிப்பு. எல்லாம் அவள் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தன.

"விளக்கு இன்னும் எரியலையா?" என்றாள்.

"எரியலைங்கம்மா."

"அங்கே மழையா?"

"சரியான மழைங்க."

"முருங்கை பூத்திருக்கா?"

சின்னத் தயக்கம். "முருங்கையா? ஆங், பூத்திருக்குங்க."

எவ்வளவு சாமர்த்தியம், என்று நினைத்துக்கொண்டாள். தயங்குகிற மாதிரி தயங்கிவிட்டுச் சொல்கிறார். கருவி என்னத்தைக் கண்டுபிடிக்கும்?

எல்லாவற்றையும் இவரிடம் கொட்டிவிடலாமா? பிரதமர் பிரதமரில்லை, என்னைக் காப்பாற்றுங்கள் என்று? மேலே சிவப்புப் பொட்டு எரிந்தது. சொன்னால் அந்த நொடியே திரை கிழிந்தது.

அவள் பார்வை சுவர்க் காலண்டருக்குப் போனது. அடுத்த வெள்ளி குடியரசு நாள். விடுமுறை.

சண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறை. மனு நாளைப் புதன்கிழமைக்கு மாத்தறேன். நாலு மணிக்கு எல்லாரும் இந்தக் கூடத்துல இருக்கணும். டோக்கனை நானே என் கையால தர்றேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கண்டிப்பா வருவீங்கல்ல?" என்றாள்.

"விளக்கு எரியற வரைக்கும் வருவேம்மா" என்றார் இருபத்தாறு.

புதன்கிழமை நாலு அடிக்க ஐந்து நிமிடம். பின்வாசலில் கறுப்புக் கண்ணாடிக் கார். ரோஜா நிறக் குதிகால்கள் உள்ளே வந்து உட்கார்ந்தன. செயலாளர் கதவுக்கு வெளியே நின்று கனைத்தார்.

"மேதகு அம்மா, அமைச்சரவை மறுபரிசீலனை செய்து, மாற்றமில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறது" என்று ஒப்பித்தார் பிரதமர் வில்லை போட்டவர்.

"அப்ப போட்டுடலாம்" என்றாள் சண்பகவல்லி, பேனாவை எடுத்துக்கொண்டு.

செயலாளர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"ஆனா இங்கே வேண்டாம். தேர்தலையே தள்ளிவைக்கிற சட்டம். புத்தகத்துக்கு முன்னாடி வச்சுப் போடுவோம். அதுதானே மரியாதை?"

"தாராளமா. கூடம் இப்ப காலியாத்தானே இருக்கும்" என்றார் செயலாளர்.

அவள் எழுந்து, இடைக்கதவின் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே நீக்கினாள். கதவு திறந்தது.

பெஞ்சுகளில் நாற்பது பேர்.

பின்னாலேயே வந்த செயலாளரின் பாதங்கள் கம்பளத்தில் ஆணியடித்த மாதிரி நின்றன. "இவங்க... இன்னிக்குப் புதன்கிழமை! யார் விட்டது இவங்களை?"

"நான்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை பாருங்க. மனு நாளை மாத்தற அதிகாரம் எனக்கு இருக்கு. இருக்கிறதே மூணு, அதுல ஒண்ணு." அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். முன்னே முகமில்லாத நாற்பது பேர். பக்கத்தில் பித்தளை வில்லை. அவள் கணக்குத் தப்பாக இருந்தால்? பிரதமர் பாதத்துக்கு ஏதாவது வைத்தியம் செய்துகொண்டிருந்தால்?

"என்ன உட்கார்ந்தே இருக்கீங்க?" என்றாள். "நம்ம பிரதமர் வந்திருக்கார். எழுந்திருக்க மாட்டீங்களா?"

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லாரும் அரைகுறையாக எழுந்து, கழுத்தை நீட்டி, அவளுக்குப் பின்னால் தேடினார்கள்.

"எங்கேம்மா? பின்னாடி வர்றாரா?" என்றது ஒரு குரல்.

"இதோ, என் பக்கத்துல நிக்கிறாரே. வில்லையில போட்டிருக்கு பாருங்க."

அப்புறம் மூன்றாவது பெஞ்சில் இருந்து, மெட்டி போட்ட கால்கள் இரண்டு எம்பி நின்றன. "ஐயய்ய! இவரு கொசுவத்தி விளம்பரத்துல இருமிக்கிட்டே வருவாரே, அந்த மாமா!"

கூடம் குபீரென்று சிரித்தது. சிரிப்பு பாதியில் செத்தது. என்ன நடக்கிறது என்று அவர்களுக்கே புரிய ஆரம்பித்தது.

"எனக்கு யாரையும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் சண்பகவல்லி. "டோக்கன் இருபத்தாறு, நீங்க சொல்லுங்க. இவர் யாரு?"

அகலமான பாதங்கள் இரண்டடி முன்னே வந்தன. "நான் இசக்கிமுத்துக்கு ஓட்டுப் போட்டதில்லைம்மா. அவரை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனா மூஞ்சி தெரியும். இவரு அவரில்லை."

கொசுவத்தி மாமா வில்லையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது! ஏதோ அரசு விழிப்புணர்வுப் படம்னுதான் கூட்டியாந்தாங்க. கேமரா எங்கேன்னு கேட்டேன், ஒளிச்சு வச்சிருக்கோம்னாரு இந்த சார். ஒரு வாரமா ஒத்திகை, ஒத்திகைன்னே இழுக்கிறாங்கம்மா!"

இந்த சார் என்று காட்டப்பட்டவர், செருப்பைத் தேடக்கூட நிற்காமல் வெறுங்காலோடு பின்வாசல் பக்கம் ஓடினார். டோக்கன்காரர்களில் நாலு பேர் துரத்திப் பிடித்தார்கள். கூடத்தில் அன்று நடந்தது அவ்வளவும், சிவப்புப் பொட்டுக்குக் கீழே, ஒலிப்பதிவில் இருக்கிறது.

மற்றது எல்லாம் மளமளவென்று நடந்தது. வெளித்தீவு ஒன்றில், உள்துறை அமைச்சரின் ஓய்வு விடுதியில், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இசக்கிமுத்து கண்டுபிடிக்கப்பட்டார். உள்துறையும் சபாநாயகரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். தேர்தல் தேதி மாறவில்லை.

மருத்துவர் விசாரணைக்கு வந்தாள். "அம்மா, கேட்டாகணும். உங்களுக்கு அவரை அடையாளம் தெரிஞ்சுதா?"

"நான் பிரதமர் வந்திருக்கார்னுதான் சொன்னேன், டாக்டர். பதிவைப் போட்டுக் கேளுங்க. ஜனங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

மருத்துவர் நாற்காலிக்கு அடியில் தன் கால்களை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசி நாள் சில்லை எடுத்தார்கள். கண்ணாடியில் இருந்த அம்மாள் சண்பகவல்லியாக மாறினாள். ஐந்து வருட நரையையும் சுருக்கத்தையும் ஒரே தடவையில் பார்ப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

படகுத்துறையில் அருமைநாயகம் நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது. அந்த முகம்! மூக்கு ஓரத்து மச்சம், ஒரு பக்கமாகக் கோணுகிற சிரிப்பு. அவர் தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் லேட்டு" என்றார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

படகில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் முழங்கையால் இடித்தாள். "கள்ளன் நீங்க! வெள்ளிக்கிழமை தவறாம டோக்கன் போட்டு வந்துட்டு, முருங்கை பூத்திருக்குன்னு எவ்வளவு நடிப்பு!"

"யாரு? நானா?"

"போதும் நடிச்சது. இப்ப யாரும் பதிவு பண்ணலை."

"நான் எங்கே வந்தேன் சம்பா?" அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "முதல் வருஷம் ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். 'உறவினர் வரக்கூடாது'ன்னு போர்டு. படிச்சேன், திரும்பிட்டேன். சட்டம்னா சட்டம்தானே? நம்ம முருங்கைதான் நீ போன வருஷமே புயல்ல சாஞ்சுபோச்சே."

கடல் காற்று அவள் சேலைத் தலைப்பை இழுத்தது. அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள். ஒடுக்கமான பாதம், நெருக்கியடித்த விரல்கள், வெளிறிய தோல். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக இந்தக் கால்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. முகம் இருக்கும்போது யார் காலைப் பார்க்கிறார்கள்?

எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் தன் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த கிழவரும். பன்னிருதீவில் அப்படி மடிக்காதவர் யார்?

நெய்தல் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் மற்ற விளக்குகள் எரிந்தன. பதினேழாம் எண் கம்பத்தின் கீழே மட்டும் ஒரு வண்டி அகலத்துக்கு இருட்டு.

எதிர்வீட்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். தடித்த கண்ணாடி, முன்வழுக்கை. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு இறங்கினார். விசிறி மாதிரி விரிந்த விரல்கள். இடது கணுக்காலில் தீத்தழும்பு.

"பாக்கியநாதன். நீ போன கையோட குடிவந்தாங்க. பேக்கரி வச்சிருக்கார்" என்றார் அருமைநாயகம்.

"வணக்கம்மா" என்றார் பாக்கியநாதன். குரல் கரகரவென்று, சற்றே மூக்கால் பேசுகிற குரல். "உங்களைப் பார்க்க வர்றப்பல்லாம், எதிர்வீட்டுக்காரன்னு சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா சலுகை கேட்ட மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

"மு... முருங்கை பூத்திருக்குன்னு சொன்னீங்களே?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "பெரிய பதவியில இருக்கிறவங்க ஆசையா கேக்கறீங்க. இல்லைன்னா வருத்தப்படுவீங்களோன்னு சொல்லிட்டேன்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் கைத்தடியை ஊன்றி, வலதுகாலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தாள்.

"என் சம்சாரம். ரெண்டாவது வருஷ மழையில, இங்கதான், கம்பத்துக்குக் கீழே, சாக்கடை மூடி விலகியிருந்தது தெரியாம விழுந்துட்டா. இடுப்பெலும்பு." பாக்கியநாதன் இருட்டைக் கைகாட்டினார். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "மின்சார ஆபீசுக்கும் போய்க் கேட்டேம்மா. மனு மாளிகையில நிலுவையில இருக்கு, அங்கேருந்து வரணும்னுட்டாங்க. நீங்களும் ஒருதரம்கூட முடியாதுன்னு சொல்லலை. வாங்கி மடியில பத்திரமா வச்சுக்கிட்டீங்க. சரி, மேலிடத்துல என்னவோ சிக்கல் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

சண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். அருமைநாயகத்தின் கையில் தகரப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் தெரியாத ஐந்து வருடத்தில், தெரியும் என்று அவள் நினைத்த ஒரே ஆள் எதிரே நின்ற பாக்கியநாதன். அவள் வஞ்சனை செய்த ஒரே ஆளும் இவர்தான்.

"உள்ளே வாங்கம்மா, டீ சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் அந்தப் பெண். "பார்த்து வாங்க. அங்கே இருட்டு."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே சண்பகவல்லி மாளிகை வாசலில் வரிசையில் நின்றாள். காவலர் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்து, சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கி, டோக்கனை நீட்டினார். முப்பத்தொன்று.

நடுக்கூடத்தில் அதே பெஞ்சு, அதே புத்தகம், அதே சிவப்புப் பொட்டு. புதுக் குடியரசுத் தலைவர் நாற்பது வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

"முப்பத்தொன்று."

அவள் எதிரே போய் நின்று, நாலாக மடித்த மனுவை நீட்டினாள். அவர் பிரித்துப் படித்தார். ஒரே கம்பம், ஒரே விளக்கு.

"உங்க வீட்டு வாசல்லயா?" என்றார்.

"எதிர்வீட்டுக்கு, ஐயா."

அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் அவள் மேல் வழுக்கி, எங்கேயும் பிடி கிடைக்காமல் திரும்பின. அந்தப் பார்வை உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று உலகத்தில் தெரிந்த சிலரில் அவளும் ஒருத்தி. ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. அங்கே மழையா என்று அவரே கேட்பார் போலவும் இருந்தது.

அவர் கேட்கவில்லை. பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. தரையைத் தடவி, அவள் காலருகே வந்து நின்றது.

சண்பகவல்லி சேலைக் கரையை இழுத்துத் தன் பாதங்களை மூடிக்கொண்டாள்.